சேலைகள் இல்லாத பீரோ

பாட்டா கேட்கிறீர்கள், பேச்சா?

பேச்சென்றால் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றி வையுங்கள் தம்பி. பேச்சுக்கு நான் இருக்கிறேன். இந்த பஸ்ஸில் புளியங்குடி வரைக்கும்தான் வருகிறேன். நீங்கள் தென்காசியா? நல்லது. நான் இறங்கிய பிறகு மிச்சத்தைக் கேட்டுக்கொள்ளலாம். தோழர் என்று கூப்பிட்டால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தம்பி என்றே வைத்துக்கொள்வோம். இந்தக் காலிச் சாக்குகளை மட்டும் கொஞ்சம் தள்ளிக்கொள்கிறேன், கால் வைக்க இடமில்லை. எலுமிச்சை இறக்கிவிட்டுத் திரும்புகிற சாக்கு. வாடை இருக்கும். பரவாயில்லை.

என் பெயர் சங்கரபாகம். ராஜபாளையத்தில் சங்கரபாகம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 'நோட்டீஸ்' என்று கேளுங்கள், பழைய ஆட்கள் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். மில் சங்கத்துக்கு முப்பது வருடம் நோட்டீஸ் எழுதியவன். வேலைநிறுத்த நோட்டீஸ், கண்டன நோட்டீஸ், இரங்கல் நோட்டீஸ், எல்லாம் என் கை. எட்டாம் வகுப்போடு ஸ்பின்னிங்கில் சேர்ந்தவன். மற்ற படிப்பெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. அதனால்தான் இப்படிப் பேசுகிறேன். நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் தண்ணீர் கேட்டாலும் இப்படித்தான் கேட்பேன். "செவத்துல ஒட்டுன நோட்டீஸ் மாதிரியே பேசுறீங்களே, தாகமா இருக்குன்னு சொன்னா பத்தாதா" என்பாள் என் வீட்டம்மா. ஆவுடைத்தாய். அவளைப் பார்க்கத்தான் போகிறேன். தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். அது பின்னால் வரும்.

முதலில் திரவியம்.

தோழர் திரவியம் எங்கள் சங்கச் செயலாளர். காலமாகிவிட்டார். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை. தொண்டை அப்படி. மைக் இல்லாமலே நாலு தெரு கேட்கும். ஆனால் தொண்டை மட்டும்தான் அவருடையது, தம்பி. சொல் என்னுடையது. நோட்டீஸ் எழுதுகிறவன்தானே, பேச்சையும் நீயே எழுது என்று ஆரம்பத்தில் ஒருநாள் சொன்னார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. நான் எழுதிச் சிவப்புப் பென்சிலால் குறி போட்டுக் கொடுப்பேன். ஒற்றைக் கோடு போட்டால் மூச்சுவிட வேண்டும். இரட்டைக் கோடு போட்டால் கைதட்டல் ஓயும்வரை நிற்க வேண்டும். வட்டம் போட்டால் சோடா குடிக்க வேண்டும். அவர் எந்த இடத்தில் சோடா குடித்தாரோ அந்த இடம்கூட நான் முடிவு செய்ததுதான்.

மேடையில் ஏறி என்ன சொல்வார் தெரியுமா? "நேற்று இரவெல்லாம் எனக்கு உறக்கம் வரவில்லை தோழர்களே. யோசித்தேன்." உறங்காதவன் நான். அவர் குறட்டைக்கு அவர் சம்சாரமே சாட்சி.

நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கட்டுப்பாடு. இயக்கத்தில் உன் சொல், என் சொல் என்று பிரிக்க முடியாது என்று அவரே சொல்வார். அந்த வாக்கியமும் நான் எழுதியதுதான்.

அவர் இறந்த பிறகு பேச்சுகளையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார்கள். வழவழவென்று தாள், அட்டையில் அவர் கையை உயர்த்தி நிற்கிற படம். புரட்டிப் பார்த்தேன். காற்புள்ளிகூட மாறாமல் என் எழுத்து. முன்னுரையில் தேடினேன். உழைத்த தோழர்கள் என்று சில பெயர்களைப் போட்டு, அதற்குப் பிறகு 'மற்றும் பலர்' என்று முடித்திருந்தார்கள். அந்தப் பலரில் நான் இருக்கிறேன். வெளியீட்டு விழாவில் இரண்டு நிமிடம் பேசக் கேட்டேன். நேரமில்லை தோழர், நீங்கள் நன்றியுரை சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். என் பேச்சுகளைப் பேசியதற்காக அவருக்கு நானே நன்றி சொல்லிவிட்டு, அவர்கள் போர்த்திய சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இனி என் சொல்லை என் வாயால் பேசுவது. தனி ஆள்.

என் மகள் செங்கொடி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவள்தான் பாட்காஸ்ட் என்றாள். மேடை வேண்டாம், அனுமதி வேண்டாம், போலீஸ் வராது, நீங்கள் வீட்டில் பேசி அனுப்பினால் நான் நெட்டில் ஏற்றிவிடுகிறேன் என்றாள். சின்ன மைக் ஒன்றும் அனுப்பினாள். கட்டைவிரல் அளவு. 'நோட்டீஸ் பேசுகிறது' என்று பெயர் வைத்தேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஒருத்தர்கிட்டப் பேசுற மாதிரிப் பேசுங்கப்பா. இயல்பா."

ஒருத்தரிடம் நான் எங்கே பேசியிருக்கிறேன்? எழுதியதெல்லாம் ஆயிரம் பேருக்கு. இருந்தாலும் முயன்றேன். முதல் நிகழ்ச்சியை எழுதி, குறி போட்டு, பேசி அனுப்பினேன். கூட்டம் என்றால் தலைமை ஏற்றவருக்கு முதல் வணக்கம். தனி ஆள் நிகழ்ச்சியில் தலைமையும் நான்தான். ஆகவே எனக்கு நானே வணக்கம் சொல்லிக்கொண்டேன். மகள் போனில் கூப்பிட்டாள். இடையிடையே சத்தமே இல்லாமல் கிடக்கிறதே, மைக் கெட்டுவிட்டதா என்றாள். கெடவில்லை, அது கைதட்டல் என்றேன். யார் தட்டுகிறார்கள் என்றாள். கேட்கிறவர்கள் அவரவர் வீட்டில் தட்டுவார்கள், நாம் நேரம் கொடுக்க வேண்டும் என்றேன். சரி, நடுவில் மடக் மடக் என்று ஒரு சத்தம் வருகிறதே என்றாள். வட்டம் போட்ட இடம். சோடா இல்லாததால் மோர் குடித்தேன்.

எல்லாவற்றையும் வெட்டிவிட்டாள். தணிக்கை. சரி, மகள்தானே என்று விட்டேன்.

ஆனால் ஒரு கருத்து வந்தது, தம்பி. ரிட்டையர்டு ஃபிட்டர் ஒருவர் எழுதியிருந்தார். 'தோழர் திரவியத்தை அப்படியே கண்முன் கொண்டுவந்துவிட்டீர்கள். மிமிக்ரி அருமை.'

மிமிக்ரி. குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு இயல்பு என்றால் என்ன என்று ஆராய்ந்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்று ஆட்கள் பேசுவதைக் கவனித்தேன். 'ம்' போடுகிறார்கள். 'வந்து' என்கிறார்கள். 'என்ன சொல்ல வந்தேன்' என்கிறார்கள். அடுத்த நிகழ்ச்சியில் பத்திக்குப் பத்தி 'ம்' எழுதினேன். 'என்ன சொல்ல வந்தேன்' என்று எழுதி, என்ன சொல்ல வந்தேன் என்பதையும் கீழேயே எழுதினேன். மகள் கேட்டுவிட்டு, "அப்பா, அந்த 'ம்'மை ஏம்ப்பா வாசிக்கிறீங்க" என்றாள்.

இன்னொரு சங்கடம் எதிரொலி. எங்கள் வீடு சின்னது, சுவர் மொட்டை. துணி இருக்கிற இடத்தில் பேசினால் எதிரொலிக்காது என்று மகள் யோசனை சொன்னாள். வீட்டில் துணி இருக்கிற இடம் ஆவுடைத்தாய் பீரோ. கதவைத் திறந்து, சேலைகளுக்கு நடுவில் தலையை விட்டு, ரசகற்பூர உருண்டை வாடையில் நின்று பேசினேன். ஃபேன் போடக் கூடாது, அறைக்கதவைச் சாத்த வேண்டும். நான் கதவடைப்பை எதிர்த்த போராட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன், தலையில் ஒரு சின்னாளப்பட்டி முந்தானை கிடக்கும். யாரும் பார்க்கவில்லை. ஆனால் குரல் நன்றாக வந்தது. அதை மகளே ஒப்புக்கொண்டாள்.

சேத்தூர் தாண்டிவிட்டதா? இருக்கட்டும்.

எழுதியதைக் கூடத்தில் உட்கார்ந்து ஒருமுறை வாசித்துப் பார்ப்பேன். ஒருநாள் அப்படி வாசிக்கும்போது ஆவுடைத்தாய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அது பெரிய வேலைநிறுத்தத்தைப் பற்றிய நிகழ்ச்சி. மில் வாசலில் கஞ்சித்தொட்டி வைத்திருந்தோம். ஆண்களையெல்லாம் கைது செய்து கொண்டுபோன நாளைப் பற்றி, 'பெண்களின் வீரஞ்செறிந்த பங்கேற்போடு கஞ்சித்தொட்டி தொடர்ந்து இயங்கியது' என்று எழுதியிருந்தேன். அந்தக் கால நோட்டீஸில் எழுதிய அதே வரிதான். நல்ல வரி. இவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியா நடந்துச்சு?" என்றாள்.

வேறு எப்படி என்றேன். சொன்னாள்.

"ஆம்பளைங்களைப் பூரா வேன்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. அண்டா நெறையக் கஞ்சி. இன்ஸ்பெக்டரு கீழ கொட்டுங்கங்காரு. கொட்டுறதுக்கு நாலு போலீஸ் வாராங்க. காலையில இருந்து வெயில்ல நிக்கிற பிள்ளைக, ஒதடெல்லாம் காஞ்சு கெடக்கு. நான் ஒரு போணியில மொண்டு நீட்டுனேன். 'குடிச்சிட்டுக் கொட்டுங்கய்யா, அண்டா என்ன ஓடியா போகுது'ன்னேன். தொவையல் வேணுமான்னும் கேட்டேன். ஒருத்தன் வாங்கிக் குடிச்சான். அப்புறம் எல்லாரும் குடிச்சாங்க. குடிச்சவன் எப்படிக் கொட்டுவான்?"

நான் பென்சிலை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டேன். எழுதியதை பீரோவுக்குள் போய்ப் பேசினேன். 'நான் ஒரு போணியில் மொண்டு நீட்டினேன்' என்று பேசினேன். நான் என்று ஏன் சொன்னேன் என்றால், தனி ஆள் நிகழ்ச்சியில் நான் என்று சொன்னால்தான் இயல்பாக வரும். அவள், இவள் என்று போனால் மறுபடி நோட்டீஸ் ஆகிவிடும். இது உத்தி. எழுதுகிறவனுக்குத்தான் தெரியும்.

அதற்கு வந்த வரவேற்பை நீங்கள் பார்க்க வேண்டும். துபாயிலிருந்தெல்லாம் எழுதினார்கள். அந்த ஃபிட்டரே எழுதினார். 'தோழர், இதுதான் உங்கள் குரல். இத்தனை காலம் எங்கே வைத்திருந்தீர்கள்?' அதை மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

பிறகு தினமும் சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். அவளுக்கும் உற்சாகம். அவளும் மில்லில் ரீலிங்கில் வேலை பார்த்தவள்தான், கதைக்குக் குறைவில்லை. சீரியலை நிறுத்திவிட்டாள். நான் கேட்காமலே இரண்டு தம்ளரில் டீ வரும். மேஸ்திரி தலைப்பாகைக்குள் பஞ்சு திணித்த கதை, சங்க ஆபீஸ் சாவியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டு ஒளித்த கதை, கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். நான் எழுதுவேன். ஒருநாள் நடுவில் நிறுத்தி, "நாப்பது வருசத்துல நீங்க இப்படி உக்காந்து நான் பேசுறதைக் கேட்டதே இல்லையே" என்றாள். அதை நான் எழுதிக்கொள்ளவில்லை. அது தலைப்புக்குத் தொடர்பில்லாதது.

என் நிகழ்ச்சியை அவள் கேட்டதில்லை. அவள் போன் பேசுவதற்கு மட்டும் ஆகிற போன். நான் பேசுவதோ கதவைச் சாத்திக்கொண்டு, பீரோவுக்குள். கேட்கிறேன் என்று அவளும் சொன்னதில்லை, கேள் என்று நானும் சொல்லவில்லை.

இப்போதுதான் பிரச்சினைக்கு வருகிறேன்.

ஒரு சாயங்காலம் அவளாகவே ஆரம்பித்தாள். செங்கொடி பிறந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா என்றாள். மகள் பிறந்த தேதி எனக்குத் தெரியும், அது மறியல் தேதிக்கு முந்திய நாள். மற்றது தெரியாது. மழை என்றாள். மில் லைன் வீடுகளில் ஒரு ஆள் இல்லை, எல்லாரும் கூட்டத்துக்குப் போய்விட்டார்கள். இவளுக்கு வலி எடுத்துவிட்டது. தனியாக ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததாகச் சொன்னாள். "அச்சாபீஸ் பக்கம் வந்தேன். வெளக்கு எரிஞ்சுது. சன்னல் வழியாப் பார்த்தா, நீங்க குனிஞ்சு உக்காந்து புரூப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க. மழையில நின்னேன்."

அந்த இடத்தில் போன் அடித்தது.

எனக்கு அன்றைய புரூப் நன்றாக நினைவிருக்கிறது. மறியல் நோட்டீஸ். தலைப்பில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, திருத்தினேன். ஜன்னல் நினைவில்லை.

போனில் அவள் தங்கச்சி பேச்சியம்மாள், புளியங்குடியிலிருந்து. அவள் மகன் போனில் என் நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டியிருக்கிறான். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன். "யக்கா, போலீஸ்காரனுக்கு அத்தான்தான் கஞ்சி ஊத்துனாராமே. நீ ஊத்துனதால்லா நம்ம ஊருல சொல்லுவாக?"

ஆவுடைத்தாய் போனை வைத்துவிட்டு, அதைப் போடுங்கள் என்றாள். போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக வந்த நிகழ்ச்சி, தம்பி. கைதட்டலுக்கு இடம் விட்டிருந்தால் அதில்தான் விட்டிருக்க வேண்டும்.

முடிந்ததும் கண்ணைத் திறந்து, "அண்டா பக்கத்துல நீங்க எங்க நின்னீங்க?" என்றாள்.

உத்தி என்று விளக்கினேன்.

"அன்னைக்கு நீங்க ஜெயில்ல இருந்தீங்க" என்றாள்.

உடலால் ஜெயிலில் இருந்தேன் என்றேன். மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து, சேலைகளை ஒன்று விடாமல் எடுத்து இரண்டு கட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

என் வீட்டிலேயே வேலைநிறுத்தம். நான் பார்க்காத வேலைநிறுத்தமா? ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. முன்னறிவிப்பு நோட்டீஸ் இல்லை. கோரிக்கை என்ன என்று போனில் கேட்டேன். "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டேன், எப்போது வருகிறாய் என்றேன். "வந்து என்ன பேச?" என்று வைத்துவிட்டாள். இதைக் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

மகளும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாள். ஆதரவு வேலைநிறுத்தம். அம்மா வீட்டுக்கு வரும்வரை எதையும் ஏற்ற மாட்டேன் என்கிறாள். அவள் பிறந்த கதைதான் அடுத்தது, அதைச் சொன்னால் சம்மதிப்பாள் என்று நினைத்து, அச்சாபீஸ் ஜன்னல் வரைக்கும் சொன்னேன். பேசி முடித்துப் பார்த்தால் போன் எப்போதோ கட்டாகியிருக்கிறது.

ஏற்றுவது ஒருபக்கம் இருக்கட்டும், பேசவே முடியவில்லை. சேலைகள் இல்லாத பீரோ வெறும் தகரப் பெட்டி. உள்ளே வாயை வைத்தால் ஹாரன் ஸ்பீக்கரில் பேசுவதுபோலத் திரும்பி வருகிறது. என் வேட்டிகளைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், போதவில்லை. திரவியம் புத்தக விழாவில் எனக்குப் போட்ட சால்வையையும் தொங்கவிட்டேன். பதிவு செய்து நானே கேட்டேன். அச்சு அசல் திரவியம்.

எனக்கு வயதாகிறது, தம்பி. மறைக்க ஒன்றுமில்லை. 'இதுதான் உங்கள் குரல்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை இழந்தால் மறுபடி நான் மற்றும் பலர்தான். வீட்டில் ஒரு தம்ளர் டீ போட்டுக் குடித்துக்கொண்டு, எதிரே யாரும் இல்லாமல், மற்றும் பலர். ஆகவே அவள் வர வேண்டும். அந்தக் கதையின் மிச்சமும் வேண்டும். மழையில் நின்றாள். பிறகு? கூப்பிட்டாளா? கூப்பிட்டு நான் கேட்கவில்லையா? கூப்பிடாமலே போய்விட்டாளா? வேலை ஓடவில்லை எனக்கு. அச்சாபீஸுக்கு உள்ளே இருந்தவன் நான், வெளியே நின்றவள் அவள். அந்தக் கதையை எப்படி 'நான்' என்று சொல்வது என்பது ஒரு உத்திச் சிக்கல், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாசுதேவநல்லூர். அடுத்தது புளியங்குடிதான்.

அவளிடம் பேசுவதற்கு எழுதி வைத்திருக்கிறேன். வாசிக்கிறேன், நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். 'அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய ஆவுடைத்தாய் அவர்களே.' இங்கே ஒற்றைக் கோடு. 'நாற்பதாண்டு காலக் கூட்டுவாழ்வில் நாம் சந்தித்த நெருக்கடிகள் எத்தனை, அடக்குமுறைகள் எத்தனை.' இரட்டைக் கோடு. இந்த இடத்தில் அவள் அழுவாள். 'வேறுபாடுகளை மறந்து, பொது நோக்கத்தை முன்னிறுத்தி, சேலைகளோடு உடனடியாக வீடு திரும்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.' இங்கே வட்டம். பேச்சியம்மாள் எலுமிச்சைச் சாறு கொண்டுவருவாள், எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியாயிற்றே. மைக்கும் பையில் இருக்கிறது. அவள் மனம் இளகி மிச்சக் கதையைச் சொல்லிவிட்டால் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம்.

ஏன் சிரிக்கிறீர்கள்?

இல்லை, சொல்லுங்கள். விமர்சனம் எனக்குப் புதிதல்ல.

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்கள். மெதுவாக. பென்சிலை எடுத்துக்கொள்கிறேன். "மழையில நின்னியே, அப்புறம் என்ன ஆச்சு ஆவுட?" அவ்வளவுதானா? முன்னால் ஒன்றும் வேண்டாமா? வணக்கம்கூட வேண்டாமா? சரி. எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு?

பேசாமல் இருக்க வேண்டும். சரி, நிறுத்தம். ஒற்றைக் கோடா, இரட்டைக் கோடா?

அவள் பேசி முடிக்கிறவரைக்குமா?

அதற்கு என்னிடம் குறி இல்லையே, தம்பி. இத்தனை வருடத்தில் தேவைப்படவில்லை. வெறுமனே இடம் விட்டு வைக்கிறேன். பக்கத்தின் மிச்சம் முழுவதும் விட்டால் போதுமா? மைக்கை எடுக்கவே கூடாதா? சரி. அதையும் எழுதிக்கொள்கிறேன். மைக், எடுக்க, வேண்டாம்.

"மழையில நின்னியே, அப்புறம் என்ன ஆச்சு ஆவுட?" வாயில் நன்றாக உட்காருகிறது. நானே எழுதியதுபோல இருக்கிறது.

கண்டக்டர் கூப்பிடுகிறார், புளியங்குடி. அந்தப் பையை மட்டும் எடுத்துக் கொடுங்கள். உங்கள் பெயர் என்ன என்று நான் கேட்கவே இல்லை, பாருங்கள். இல்லை, வேண்டாம், சொல்லாதீர்கள். தெரிந்துவிட்டால் அந்த வரி எனக்கு இயல்பாக வராது.